காற்று ஆகாத கிருமிக்கு மருந்து கண்டுபிடிக்க விரும்புவோருக்குச் சில யோசனைகள்

முதலில் கிருமியைத் தேர்ந்தெடுங்கள். ஆக்சிஜன் ஆகாத கிருமிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஈறு, குடல், ஆழமான புண் என்று காற்றுப் புகாத மூலை எங்கே உண்டோ அங்கெல்லாம் குடித்தனம் நடத்துகின்றன. என் சிபாரிசு குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். மருத்துவமனைகளில் ‘சி-டிஃப்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். வேறு ஏதோ நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டவரின் குடலில், மற்ற கிருமிகள் ஒழிந்த சமயம் பார்த்துப் பெருகி, ஓயாமல் வயிற்றால் போகவைக்கும். ஆக, மருந்து வரவழைத்த நோய்க்கு மருந்து தேடப் போகிறீர்கள். 1935-இல் ஹால், ஓ’டூல் என்ற இருவர் இதைப் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் பார்த்து எழுதிவைத்தார்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பின் பெரியவர்களின் குடலைப் புண்ணாக்குவதும் இதுவே என்று தெரியவர 1978 ஆயிற்று. இந்தத் துறையில் யாருக்கும் அவசரமில்லை, நீங்களும் பதறாதீர்கள்.

அடுத்து ஆய்வகம். கிருமிக்குக் காற்று இருந்தால் ஆகாது, உங்களுக்கு இல்லாவிட்டால் ஆகாது. இருவருக்கும் சமரசம் செய்துவைக்க ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே பெரும்பாலும் நைட்ரஜன், கூடவே கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும். தப்பித் தவறி நுழையும் ஆக்சிஜனை ஹைட்ரஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கிவிடப் பல்லேடியம் வைத்திருப்பார்கள். முன்பக்கத்தில் இரண்டு ஓட்டைகள், அவற்றில் முழங்கை தாண்டி நீளும் ரப்பர் கையுறைகள். கையை உள்ளே விட்ட மறுநிமிடம் மூக்கு அரிக்கத் தொடங்கும். அதைப் பொறுத்துக்கொள்வதும் பயிற்சியில் அடக்கம். கிருமி வளரும் ஊடகத்தில் ரெசசூரின் என்ற சாயத்தைக் கலந்துவைப்பார்கள். நிறமில்லாமல் கிடந்தால் நிம்மதி. ரோஸ் நிறம் தட்டினால் எங்கோ ஆக்சிஜன் புகுந்துவிட்டது, இரண்டு நாள் வேலை குப்பைக்கு.

பெட்டிக்கு வசதியில்லையா? நம் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களுக்குக் காட்டும் ராபர்ட்சன் குழாய் போதும். அடியில் வேகவைத்த இறைச்சித் துணுக்குகள், மேலே சாறு. சில குளோஸ்ட்ரிடியங்கள் வளர்ந்தால் இறைச்சி கறுத்து, மூடியைத் திறந்ததும் அறையே காலியாகும். சி-டிஃபின் வாடை வேறு மாதிரி, குதிரை லாய வாடை என்பார்கள். 2012-இல் ஆம்ஸ்டர்டாமில் கிளிஃப் என்ற பீகிள் நாயைப் பழக்கி வார்டுக்குள் நடத்திச் சென்றார்கள். தொற்று இருந்த 30 பேரில் 25 பேர் அருகே அது சரியாக உட்கார்ந்து காட்டியது. உங்கள் ஆய்வுக்குழுவில் அந்த அளவுக்குத் தேறுகிறவர் உண்டா என்று பாருங்கள்.

இனி மருந்து. இதில் முன்னோர் வழி, தற்செயல்தான். ‘பேதிக்கு ஏதாவது குடுங்கண்ணா’ என்று மருந்துக்கடையில் கேட்டால் சீட்டு இல்லாமலே எடுத்து நீட்டுகிறார்களே, மெட்ரோனிடசோல், அது 1950-களின் இறுதியில் பிரான்சின் ரோன்-பூலங்க் நிறுவனத்தில் பிறந்தது. டிரைக்கோமோனாஸ் என்ற உயிரி தரும் பிறப்புறுப்புத் தொற்றுக்காகச் செய்த மருந்து. 1962-இல் ஷின் என்ற பல் மருத்துவர் லான்செட் இதழுக்கு எழுதினார்: அந்தத் தொற்றுக்கு மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு, கூடவே இருந்த ஈறுப்புண்ணும் ஆறிவிட்டதாம். காரணம் பிறகு புரிந்தது: ஈறுப்புண்ணிலும் இருந்தவை காற்று ஆகாத கிருமிகள். மாத்திரை உள்ளே போகும்போது வெறும் தூங்குமூஞ்சி. ஆக்சிஜன் இல்லாத உயிரணுவுக்குள் நுழைந்து, அங்கிருக்கும் புரதம் ஓர் எலக்ட்ரானைக் கையில் கொடுத்த பிறகே விழித்துக்கொண்டு டிஎன்ஏவைச் சிதைக்கும். பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அந்த எலக்ட்ரானை அது பிடுங்கிக்கொள்ளும், மருந்து மறுபடி தூங்கப் போய்விடும். இவ்வளவு நேர்த்தியான வேலையை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆகவே, நல்ல பல் மருத்துவர் ஒருவரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

விலங்குச் சோதனைக்கு சிரியத் தங்க ஹாம்ஸ்டர். கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தாலே குடல் அழன்று செத்துப்போகும் பிராணி அது. அதைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை.

கிருமியைக் கொல்வது இந்தத் தொழிலில் சுலபமான பகுதி. அக்கம்பக்கத்தைக் கொல்லாமல் விடுவதுதான் பாடு. குடலில் நமக்கு வேண்டிய கிருமிகளும் பெரும்பாலும் காற்று ஆகாதவையே. எல்லாவற்றையும் துடைத்தெறியும் மருந்து மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்: சி-டிஃபின் ஸ்போர், அதாவது விதைபோல உறங்கிக் கிடக்கும் அதன் வடிவம், சாகாது, காலி மனையில் அதுவே முதலில் முளைக்கும். (அந்த ஸ்போர் கைக்குத் தடவும் ஆல்கஹால் ஜெல்லுக்கும் அசையாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். இந்தக் கட்டுரையில் நிஜமாகவே பின்பற்றத்தக்க யோசனை இது.) 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபிடாக்சோமைசின் ஆளறிந்து அடிக்கும் மருந்து. குணமாக்குவதில் பழைய மருந்தான வேன்கோமைசினுக்குச் சமம்தான். ஆனால் நோய் திரும்பியது வேன்கோமைசினில் 25 சதவீதம் பேருக்கு, இதில் 15 சதவீதம் பேருக்கு. பத்து நாளுக்கு விலை சுமார் 2,800 டாலர் வைத்தார்கள். ஊசிக்கு வரும் வேன்கோமைசின் பொடியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தால் அதில் சொற்பமே செலவாகும். மருத்துவமனைக் கணக்கர் எதை விரும்பினார் என்று கேட்காதீர்கள்.

இன்னும் குறி தப்பாத மருந்து வேண்டுமா? ரிடினிலசோலின் கதையைக் கேளுங்கள். 2021 இறுதியில் அதன் சோதனை முடிவு வந்தது. நோய் திரும்பியது 8.1 சதவீதம் பேருக்கு, வேன்கோமைசினில் 17.3 சதவீதம். கைதட்ட வேண்டிய எண்கள். ஆனால் பரீட்சை வேறு கேள்விக்கு வைத்திருந்தார்கள்: குணமும் ஆகி, அதன்பின் 30 நாள் திரும்பாமலும் இருந்தவர்கள் எத்தனை பேர்? அதில் ரிடினிலசோலுக்கு 73.0 சதவீதம், வேன்கோமைசினுக்கு 70.7. வித்தியாசம் போதாது, மருந்து தோற்றது. எனவே மூலக்கூறைச் செதுக்குவதற்கு முன் கேள்வித்தாளைச் செதுக்குங்கள். மருந்தைச் செய்த சம்மிட் நிறுவனம் மறுவருடமே ஒரு சீன நிறுவனத்திடம் புற்றுநோய் மருந்தின் உரிமையை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே மருந்தைப் பத்து நாளில் நிறுத்தமாட்டார்கள்.

கடைசியாக, போட்டியாளரைக் கணக்கில் எடுங்கள். போட்டியாளர் மலம். 2013-இல் நெதர்லாந்தில், ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்து மூக்குக் குழாய் வழியாகச் சி-டிஃப் நோயாளிகளின் குடலில் விட்டார்கள். 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள்; வேன்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர். இதற்குமேல் ஒப்பிட வேண்டியதில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். உங்கள் வேதியியலாளர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். மலம்தானே, இலவசமாகக் கிடைக்குமே என்று முதலீட்டாளர் இளக்காரமாகப் பேசினால், தானம் பெற்ற மலத்திலிருந்து ஸ்போர்களைப் பிரித்து அடைத்து 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வௌஸ்ட் கேப்சூலின் விலைச்சீட்டைக் காட்டுங்கள். வந்த புதிதில் மொத்தம் 12 கேப்சூல், 17,500 டாலர்.