சலூன் சுவரில் ஒரு கலைக்கூடம்

காரைக்காலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நெடுங்காட்டில், எங்கள் காலத்தில் ஓவியக் கண்காட்சி வருஷம் முழுக்க நடந்தது. அனுமதி இலவசம், முடி மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். உரக்கடையும் நகைக்கடையும் மளிகைக்கடையும் கொடுத்த காலண்டர்களில் தேதித்தாள் கிழிந்து தீர்ந்தாலும், படத்தில் இருக்கும் சாமியைக் கழற்ற யாருக்கும் மனசு வராததால், முருகனுக்கு மேல் முருகனும் லட்சுமிக்குப் பக்கத்தில் லட்சுமியுமாகச் சேர்ந்து சலூன் சுவர் கூரைவரை நிறைந்திருக்கும். நம் முறை வருவதற்குள் அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். முறை வந்துவிட்டால் தலையைப் பிடித்துக் குனியவைத்துவிடுவார்கள்.

அந்தக் கண்ணும் கன்னமும் கோவில்பட்டியில் பிறந்தவை என்று அப்போது யார் சொன்னார்கள்? நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய சி. கொண்டையராஜு (1898–1976) அங்கே தங்கி, சீடர்களோடு சேர்ந்து சாமிகளை வரைந்து தள்ள, சிவகாசி அச்சகங்கள் அவற்றை ஊர் ஊராக அனுப்பின. முருகனுக்குப் பின்னால் அரண்மனைத் தூணும் நந்தவனமும் வந்து நின்றது நாடக மேடையின் தயவில்தான்.

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பூம்புகார் போனோம். 1973இல் எழுந்த ஏழுநிலை மாடம், சிலப்பதிகாரக் கலைக்கூடம். கண்ணகி கதையைக் கல்லில் வரிசையாகக் காட்டி வாத்தியார் உருகிக்கொண்டிருக்க, எங்கள் காது கடலலையிலும் மூக்கு புளிசாதத்திலும் இருந்தன.

அப்புறம் கல்லூரி, தாடி, ஜோல்னாப் பை. கலைஞானம் முற்றியதும் காலண்டரைக் கண்டால் உதடு தானாகச் சுளித்துக்கொண்டது. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன் நின்று, காளை என்றோ தொலைந்துபோன பிறகும் அதன்மேல் சாய்ந்தபடியே இருக்கும் அந்தக் கையைப் பற்றி, கூட வந்த நண்பன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கெஞ்சக் கெஞ்ச, விரிவுரை ஆற்றியது நான்தான். அந்தப் பையனை இப்போது கண்டால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து வாயை அடைப்பேன்.

இன்று சலூனில் ஏசி. சுவர் முழுக்கக் கண்ணாடி. பார்க்க நம் மூஞ்சியை விட்டால் வேறில்லை. கையில் போன் இருக்கிறது, உண்மைதான். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் நாங்கள் யாருக்காகக் கூட்டத்தில் இடிபடுகிறோமோ அந்தக் காரைக்கால் அம்மையார், சோழர் காலச் செப்புத் திருமேனியாக நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் ஒருவராகவும் கான்சாஸ் சிட்டி நெல்சன்-அட்கின்ஸில் இன்னொருவராகவும் தாளம் தட்டிக்கொண்டு அமர்ந்திருப்பதை, முடி வெட்டும் நேரத்திலேயே விலா எலும்பை எண்ணுமளவு பெரிதாக்கிப் பார்க்கிறேன். பக்கத்து ஊர் அம்மையாரைப் பார்க்க அமெரிக்கா வழியாகப் போகவேண்டியிருக்கிறது. அதற்குள் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் சொல்லி ஒரு முருகன் வந்து திரையை மறைத்துவிடுகிறார். கணினி வரைந்த முருகன், வேல் பிடித்த கையில் ஆறு விரல். கொண்டையராஜுவின் முருகனுக்கு விரல் சரியாக இருந்தது என்பதை, உதடு சுளித்த வாயாலேயே இங்கே பதிவு செய்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய காலண்டர் படம் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்; தூசி தட்டி, கீழ் மூலையில் ஓவியரின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.