மந்திரித்த தகடு மாட்டுவது எப்படி?

டெக்சாஸில் வண்டி ஓட்டுகிறீர்கள். காவலர்களின் உயிரைக் காக்க ஏதாவது செய்யத் துடிக்கிறீர்கள், ஆனால் சீட்டை விட்டு எழுந்திருக்க மனசில்லை. கவலை வேண்டாம், அதற்குத்தான் சிறப்பு நம்பர் பிளேட் இருக்கிறது. கூடுதலாகக் கொஞ்சம் கட்டினால் ஒரு நல்ல காரியத்தின் பெயர் உங்கள் வண்டியில் ஏறிவிடும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் இப்படிப் பணம் திரட்டுகின்றன. காவலரின் குண்டு துளைக்காத கவசத்துக்காகவே வாங்குவதாக வைத்துக்கொண்டு, கீழே சொன்னபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

1. முதலில் நோக்கத்தில் தெளிவாக இருங்கள். போன மாதம் 70 மைல் சாலையில் 88-இல் போய் மாட்டினீர்களே, அதுதான் நோக்கம். வெளியே சொல்லாதீர்கள். அடுத்த முறை பின்னால் வருகிற காவலர் முதலில் படிக்கப்போவது உங்கள் தகட்டைத்தான். ஃபைன் அண்டாமல் இருக்க அதை மந்திரித்துக் கட்டுகிறீர்கள்.

2. ஆண்டுக்கு 30 டாலர் கட்டுங்கள். டெக்சாஸின் வழக்கமான தொண்டு பிளேட்டில் 22 டாலர் நற்காரியத்துக்கு, 8 டாலர் அரசுக்கு. நீங்கள் மட்டும் எல்லோரிடமும் 30 என்றே சொல்லுங்கள்.

3. எண்ணுக்குப் பதிலாக உங்கள் செல்லப்பெயர் வேண்டுமா? இன்னும் 40 டாலர். அது கவசத்துக்குப் போகாது. இருந்தாலும் தயங்காதீர்கள். கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்து, வெளிச்சமே வராதபடி உபயதாரர் பெயரை எழுதுவது நமக்குப் புதிதா என்ன? உயிருக்கு 22, பேருக்கு 40.

4. கணக்குப் போடாதீர்கள். 2016 ஜூலை 7 அன்று டாலஸில் துப்பாக்கிக்காரன் ஒருவன் 5 காவலர்களைக் கொன்றான். சாதாரணக் கவசம் கைத்துப்பாக்கிக் குண்டைத்தான் தாங்கும். ரைஃபிள் குண்டைத் தடுக்க உள்ளே கெட்டியான தகடு வேண்டும். அத்தகைய கவசங்களுக்காக மறு ஆண்டே டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கியது. அதே தொகையை 22, 22 டாலராகச் சேர்க்க 11 லட்சம் பிளேட்டுக்கு மேல் விற்க வேண்டும். இதற்கு வரிப்பணம்தான் சரியான வழி என்று யாராவது சொன்னால், வரியைக் குறைக்கச் சொல்லும் ஸ்டிக்கரைத் தகட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

5. தகடு வீட்டுக்கு வந்ததும் தடவிப் பாருங்கள். ஹன்ட்ஸ்வில்லில் உள்ள வின் சிறையில் கைதிகள் அடித்த தகடு அது. கூலி கிடையாது. பிடித்தவரைக் காக்கும் பணிக்குப் பிடிபட்டவரின் உழைப்பு! உங்களைவிட அதிகமாகக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை உடனே மறந்துவிடுங்கள்.

6. தகட்டின் மேல் கறுப்புக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையை மாட்டுங்கள். போலீஸ் கேமரா எண்ணைப் படிக்க முடியாது. சட்டப்படி குற்றம்தான். ஆனால் போலீஸுக்குக் கொடுப்பவர் போலீஸ் கண்ணில் படாமல் இருப்பதல்லவா அடக்கம்!

7. அப்படியும் நிறுத்திவிட்டார்களா? கண்ணாடியை அரைவாசி இறக்கி, “ஆபீஸர், பின்னால் கொஞ்சம் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். அவர் சாலைக்கு முதுகைக் காட்டி நிற்பார். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அவர் கால்சட்டை படபடக்கும். அவசரப்படாதீர்கள். உங்கள் கொடைக் கதையை ஆதியிலிருந்து சொல்லுங்கள்.

8. முதலாண்டோடு புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள். கவசத்துக்குப் பொதுவாக 5 ஆண்டுதான் உத்தரவாதம். வியர்வையிலும் வெயிலிலும் அதுவும் தேயும். உங்கள் புண்ணியத்துக்கு அப்படிக் காலாவதி எதுவும் இல்லை.

9. கடைசிப் பாடம், மிக முக்கியம். ஓரத்தில் போலீஸ் வண்டி சிவப்பு நீல விளக்கோடு நிற்கிறது. அதை ஒட்டிய தடத்தை விட்டு விலக வேண்டும், அல்லது வேக வரம்புக்கு 20 மைல் கீழே இறங்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். இப்படியொரு சட்டம் 50 மாநிலங்களிலும் இருக்கிறது. செலவு ஒரு சென்ட் கிடையாது, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் போதும். அதனால்தான் அதில் பெருமையும் இல்லை. தடம் மாறாதீர்கள். பிரேக்கைத் தொடாதீர்கள். டெக்சாஸில் தகடு முன்னாலும் உண்டு. நீங்கள் எவ்வளவு பெரிய ஆதரவாளர் என்பதை, அங்கே நிற்கும் காவலரே தன் முழங்காலுக்கு ஒரு முழ தூரத்தில் படித்துக்கொள்ளட்டும்.