அங்கவடி இல்லாத கவர்னர்

கேள்வி: சென்னையில் திரும்பின பக்கமெல்லாம் சிலைகள்! உங்கள் ஓட்டு எந்தச் சிலைக்கு?

பதில்: சந்தேகமென்ன, தீவுத்திடல் மன்றோவுக்குத்தான். 1839ல் குதிரை மேல் ஏறியவர், இன்னும் இறங்கவில்லை. இறங்குவதும் கஷ்டம்தான், சேணமும் கிடையாது, கால் வைக்க அங்கவடியும் கிடையாது. வெறும் முதுகில் அத்தனை விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அங்கவடி வைக்க மறந்துபோன சிற்பி, அவமானம் தாங்காமல் உயிரை விட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கட்டுக்கதை. அதே சிற்பி சான்ட்ரி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் நாலாம் ஜார்ஜ் சிலையையும் அப்படியேதான் செய்திருக்கிறார். ராஜாவுக்கே கொடுக்காதவர், கவர்னருக்கா கொடுக்கப் போகிறார்?

வெள்ளைக்காரர் எல்லாருக்கும் இந்த யோகம் வாய்க்கவில்லை. 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய கர்னல் நீலின் சிலையும் மவுண்ட் ரோட்டில்தான் நின்றது. எதிர்த்துப் போராட்டம் நடந்து, 1937ல் எழும்பூர் மியூசியத்துக்குப் போனது.

நம் கண்ணகியும் அதே மியூசியத்தில் சில வருஷம் இருந்தார், தெரியுமோ? 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து அகற்றினார்கள். லாரி மோதிப் பீடம் சேதமாம். 2006ல் ஆட்சி மாறிய பிறகு பழைய இடத்துக்கே வந்துவிட்டார். பாண்டியனிடம் ஒரே நாளில் கணக்குத் தீர்த்தவர், சென்னையில் அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!