பாரீசுப் பந்தியில் பாகூர் மாமா

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு. மகளைப் பிரான்சில் கட்டிக்கொடுத்துவிட்டு, அவள் பேறுகாலத்துக்கு மனைவியோடு போய், விசா அனுமதித்த மூன்று மாதமும் தங்கிவிட்டு வந்தவர். ஈபிள் கோபுரம் எப்படி என்று கேட்டால், "ஒசரமா இருக்குது" என்று முடித்துவிடுவார். மாப்பிள்ளை ஒரு நாள் ராத்திரி கூட்டிப்போன ஓட்டலைப் பற்றி யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் மட்டும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடை பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஊரில் அவருக்குப் பாரீசு மாமா என்று பெயர்.

பாகூரில் வயலை உழுகிறவருக்குப் பாரீசில் மாப்பிள்ளை எப்படி என்று வெளியூர்க்காரர்கள் வியக்கலாம். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரன் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனான். சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்பது ஒப்பந்தம். எதிர்வீட்டுச் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கியவர், எழுதிக் கொடுத்தார். மாமாவின் அப்பா, "ஏரித் தண்ணிய உட்டுட்டு எவன் போவான்" என்று நடவுக்குப் போய்விட்டார். அந்தச் சொல்தாவின் பேரன்தான் இன்றைய மாப்பிள்ளை. அப்பா போடாத கையெழுத்தை மாமா எத்தனை பவுன் போட்டு ஈடுகட்டினார் என்பது வீட்டுக்குள் பேசவேண்டிய விஷயம்.

ஓட்டலுக்கு வருவோம். மாமியார் பச்சைக்குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டதால், மாமனாரும் மாப்பிள்ளையும் மட்டும் போனார்கள். போகும்போதே மாப்பிள்ளை, "மாமா, இது ஸ்டார் வாங்குன கடை" என்று சொல்லிவைத்தார். யார் கொடுத்த ஸ்டார் என்று மாமா கேட்க, டயர் கம்பெனி என்று பதில் வந்தது. இது பொய்யில்லை. மிஷ்லேன் டயர்க்காரர்கள் 1900இல் கார் ஓட்டிகளுக்காக ஒரு கையேடு போட்டார்கள். 1926இல் அதில் நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் குத்த ஆரம்பித்தார்கள். நாலு ஊர் சுற்றினால்தானே டயர் தேயும். மாமாவுக்கு வியாபாரம் உடனே புரிந்துவிட்டது. "அப்டின்னா நம்ம ஊரு பரோட்டா கடைக்கு எம்ஆர்எஃப்காரன் ஸ்டார் குடுக்கணும்" என்று அன்று சொன்னதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உட்கார்ந்ததும் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். மாமாவின் அட்டையில் விலையே இல்லை. அழைத்து வந்தவர் கையில் இருக்கும் அட்டையில் மட்டும் விலை போடுவது அங்கே பெரிய கடைகளில் பழைய மரியாதை. விலை எழுதாத கடையில் சாமான் வாங்கக் கூடாது என்பது மாமாவின் வளர்ப்பு. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு சங்கடமும் இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் நாம் ரசத்துக்கு வரும்போதே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆள் நிற்பார் அல்லவா, அப்படி ஒருவர் இல்லாமல் மாமாவுக்குச் சாப்பாட்டில் வேகமே வரவில்லை.

வேகமாகச் சாப்பிட அங்கே ஒன்றும் வரவும் இல்லை. முதலில் ஒரு கரண்டி வந்தது. கரண்டியில் ஏதோ இருந்ததாக மாப்பிள்ளை சொன்னார். அப்புறம் தாம்பாளம் அளவுக்கு ஒரு வெள்ளைத் தட்டு. "ஏரி நடுவுல ஒத்தக் கொக்கு நிக்கற மாரி ஒரு துண்டு மீனுப்பா" என்பார் மாமா. அதை வைத்தவன் உடனே போய்விடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மீன் எந்தக் கடலில் பிடித்தது, எந்தப் படகில் வந்தது என்று சொற்பொழிவு ஆற்றினான். சொற்பொழிவு முடிவதற்குள் மீன் முடிந்துவிட்டது.

தட்டுக்குத் தட்டு ஒயினும் மாறியது. எந்த மலைச்சரிவு, எந்த வருஷத்து மழை, எந்தத் திசை வெயில் என்று அதற்கும் விளக்கம். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்ள, இவர்கிட்ட நான் சொல்றத அப்டியே சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். சொர்ணாவூர் அணையில் தென்பெண்ணை மறிக்கப்பட்டு, பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருவது, அந்தத் தண்ணீரில் விளைந்த வெள்ளைப் பொன்னிக்கும் போர்த் தண்ணீரில் விளைந்ததற்கும் சோற்றில் தெரியும் வித்தியாசம், எல்லாம் சொன்னார். மாப்பிள்ளை திணறித் திணறிப் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, பரிமாறுகிறவன் உள்ளே போய்ச் சமையல் தலைவரையே கூட்டிவந்துவிட்டான். அன்று ராத்திரி அந்தக் கடையில் மாமாவுக்குப் பிடித்துப்போன நேரம் அதுதான்.

அளவு விஷயத்தில் மட்டும் அவர் மனம் ஆறவேயில்லை. "வுட்டது ஒரு கட்டிங்கூட வராது. அரிக்கமேட்டுல ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே சாடி சாடியா வந்து எறங்குச்சு, எங்கிட்ட சொட்டு சொட்டா ஊத்துறான்" என்பார். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக் கடல் ஒயின் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தது உண்மை. அதை வைத்துப் பாரீசு ஓட்டலோடு வழக்காடலாம் என்று மாமாவுக்குத்தான் தோன்றியிருக்கிறது.

அவருடைய பெரிய புகார் இன்னொன்று. மூன்றரை மணி நேரத்தில் ஒருவர்கூட "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா" என்று கேட்கவில்லை. நம் பக்கம் விருந்தின் தரமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்த பிறகும் விரல் இடுக்கில் சாம்பார் விழவேண்டும். அங்கே மறுமுறை வந்த ஒரே பதார்த்தம் ரொட்டி. காலியாகக் காலியாகக் கூடையை நிரப்பினார்கள். அதைக் கண்டுபிடித்ததும் மாமா மீதி வரிசையை ரொட்டியை நம்பியே கடந்தார்.

இலை நிறைய வைக்காமல் ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்த விஷயத்தில் நான் மாமாவின் கட்சி. எல்லாப் பண்டத்தையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவைப்பதுதான் பிரெஞ்சுப் பிரபுக்களின் பழைய விருந்து முறை. ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யப் பாணியாக அங்கே நுழைந்தது. ஆக, இலை நிறையப் பார்த்துவிட்டுச் சாப்பிட நினைத்த பாகூர்க்காரர், பரிமாறியவனைவிடப் பழைய பிரெஞ்சுக்காரர்.

வீடு திரும்பும்போது மணி பன்னிரண்டு. மாமியார் சத்தம் காட்டாமல் சோறும், ஊரிலிருந்து பெட்டியில் போன கருவாட்டில் வைத்த குழம்பும் எடுத்து வைத்தார். மாமா இரண்டாவது கவளம் பிசையும்போது, பக்கத்தில் இன்னொரு தட்டு வந்து நின்றது. மாப்பிள்ளை.

மறுநாள் மகளிடமிருந்து பில் தொகையைக் கறந்துவிட்டார். மூன்று நட்சத்திரக் கடைகளில் ஆளுக்கு 300 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். நம் காசில் முப்பதாயிரத்தைத் தொடும். மாமா மாட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு, அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை.

வில்லியனூர்ப் பக்கம் இதே ஆள் கொஞ்சம் வேறு மாதிரி. புதுச்சேரி நகரம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அவர் மெர்சி, பொன்ழூர் எல்லாம் பழகிக்கொண்டு போவார். தட்டுகளைப் படம் பிடிப்பார். எல்லாம் அபாரம் என்பார். பசித்தது என்று சாகும்வரை ஒப்புக்கொள்ளமாட்டார். எனக்குப் பாகூர்க்காரர்தான் பிடிக்கும்.

அவர் கதையில் ஏழாக இருந்த தட்டுகள் மாட்டுப் பொங்கலுக்குப் பன்னிரண்டாகி, போன ஆடியில் பதினேழைத் தொட்டுவிட்டன. தட்டு கூடக் கூட உள்ளே இருந்த மீன் சிறுத்துக்கொண்டே வருகிறது. இன்றும் அந்தக் கடையைத் திட்டாமல் அவருக்கு ஒரு பொழுது போகாது. இருந்தும் இரண்டாவது பேரனைப் பார்க்க விசாவுக்கு விரல் ரேகை வைத்துவிட்டு வந்த அன்றே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்: "அந்தக் கடையில இப்பவே சொல்லி வச்சிருங்க மாப்ள. அப்புறம் எடம் கெடைக்காது."

பாகூர் டீக்கடையில் அவரைப் பார்த்தால் அவசியம் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போய்க் கேளுங்கள். கதையும் மூன்றரை மணி நேரம் போகும். நடுவில் ரொட்டிகூட வராது.