ஏழு நாள் டயட்டுக்கு ஒரு வாழ்த்து

ஜி.எம். டயட்டே, நீ வாழ்க! உன்னைப் போல் எங்கள் வேலையைக் குறைத்தவர் யாருமில்லை. முதல் நாள் வாழைப்பழம் நீங்கலாகப் பழங்கள், இரண்டாம் நாள் காய்கறி, மூன்றாம் நாள் இரண்டும், நான்காம் நாள் எட்டு வாழைப்பழமும் பாலும் என்று சட்டம் எழுதித் தந்துவிட்டாய். எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய் என்று அளக்கும் தொல்லை இனி எங்களுக்கில்லை. எட்டாம் நாள் என்ன சாப்பிடுவது என்பதில் நீ தலையிடுவதே இல்லை. இத்தனை சுதந்திரத்தை வேறு யார் தருவார்?

உன் பிறப்பும் பெருமைக்குரியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஊழியர்களுக்காக உன்னை உருவாக்கியது என்கிறார்கள். அதற்கு ஓர் ஆவணமும் காட்டாமலே வாட்ஸ்அப் குழுதோறும் நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டாய்.

நீ சொன்ன சொல் தவறுவதில்லை. வாரக் கடைசியில் எடை இறங்கும் என்றாய், இறங்குகிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரே வாரத்தில் ஐந்து கிலோ கொழுப்பு கரைய நாளுக்கு 5,500 கலோரி குறைய வேண்டும். எங்களில் பெரும்பாலோர் சாப்பிடுவதே அதில் பாதி இருக்காது. முழுப் பட்டினி கிடந்தாலும் தீராத கணக்கைத் தண்ணீரை வைத்துத் தீர்க்கும் உன் சாமர்த்தியமே சாமர்த்தியம்! கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உணவு குறைந்ததும் முதலில் கரைவது அது. எட்டாம் நாள் சோற்றில் கை வைத்ததும் தண்ணீர் திரும்புகிறது. எடுத்ததைத் திருப்பித் தரும் நேர்மை உன்னுடையது.

உன் சமநோக்கையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று நாள் பருப்பில்லை, பாலில்லை, முட்டையில்லை. புரதம் இப்படி வற்றும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது; நீ பேதம் பார்ப்பதில்லை. வருகிறவரின் வயது என்ன, நோய் என்ன என்றும் கேட்பதில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழக்கூடும் என்றாலும் அவருக்கும் உன் கதவு திறந்தே இருக்கிறது. போன எடை திரும்பி வந்தவர் அடுத்த கல்யாணத்துக்கு முன் மறுபடி உன்னிடமே வருகிறார். அவரையும் நீ கைவிடுவதில்லை.

வாசகர்களே, இத்தகைய புகழ் எதுவும் இல்லாத வழி ஒன்று இருக்கிறது. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு ஏறத்தாழ அரை கிலோ இறங்கும்; போகப்போக அந்த வேகம் தணியும். மதியச் சோற்றுக்கான அரிசியில் 50 கிராம் குறைத்தால் 175 கலோரி, எண்ணெயில் 10 கிராம் குறைத்தால் 90, மாலையில் 50 கிராம் மிக்சரை விட்டால் சுமார் 250. கணக்கு முடிந்தது. குறைத்த சோற்றின் இடத்தில் கீரையும் பொரியலும் சுண்டலும் வந்தால் பசி தெரியாது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும் 2,000 கலோரி உணவில் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பருப்பு வகை 85 கிராம் என்றுதான் பிரிக்கிறது. நம் தட்டில் காயைவிடச் சோறு பலமடங்கு இருப்பதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்கள் ஏழு நாள் சட்டத்தை மறந்துவிட்டு, இன்று மதியச் சோற்றுக்கு அரிசியை அளந்து போடுங்கள்.