கட்டத்துக்கு வெளியே எழுதியவனின் விண்ணப்பம்

பெறுநர்: நீர்ச் சிக்கனக் கல்விச் சுற்றுலாவை நடத்தும் மேன்மைதங்கிய அலுவலகத்தார்
பொருள்: அழுகிற துளி ஸ்டிக்கர் வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக
பார்வை: கடந்த சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடந்த வினாடி வினா, கேள்வி எண் 1

பெருமதிப்பிற்குரியீர்,

பேரனின் வகுப்புக்குத் துணையாக வந்த கிழவனையும் ஒரு பொருட்டாக மதித்து, கையில் வினாத்தாளும் பென்சிலும் கொடுத்தீர்கள். பிள்ளைகள் எல்லோரும் பார்க்க அதைத் திருத்தினீர்கள். சட்டைப் பைக்கு மேலே, கண்ணீர் விடும் நீர்த்துளிப் படத்தை உங்கள் செலவிலேயே ஒட்டி அனுப்பினீர்கள். சிரிக்கிற துளி வாங்கியவர்களுக்குப் பேருந்தில் முன்வரிசை, அழுகிற துளிக்குப் பின்வரிசை என்ற ஏற்பாடும் சிறப்பு. என் பேரன் என்னை முன்பின் பார்த்தறியாதவன் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குச் சிரிக்கிற துளி.

கேள்வி இது: பல் துலக்கும்போது குழாயை மூடுவீர்களா? (அ) எப்போதும் (ஆ) சில சமயம் (இ) மூடுவதில்லை. கீழே கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. அதில் (ஈ) என்று போட்டு, 'காலை ஏழு மணிக்குக் குடியிருப்போர் சங்கச் செகரட்டரி மூடிவிடுவார்' என்று எழுதினேன். தங்கள் ஊழியர், பேத்தி வயதுப் பெண், பொறுமையாகத்தான் சொன்னார்: "அங்கிள், ஆப்ஷன்ல இருக்கறதைத்தான் டிக் பண்ணணும்."

நியாயம். சென்னையில் குடியிருந்துகொண்டு, ஆப்ஷனில் இல்லாததைச் செய்பவன் தண்டனைக்குரியவனே. எங்கள் குடியிருப்பில் தண்ணீர் காலை ஆறிலிருந்து ஏழு வரை ஒரு மணி நேரம், மாலையில் மறுபடி ஒரு மணி நேரம். அதற்குள் குளித்து, துவைத்து, பிடித்து வைத்துவிட வேண்டும். லாரி வராத நாளில் அதுவும் இல்லை. இதையெல்லாம் படிக்கிறவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தங்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுற்றுலாவின் அழகைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன். மேற்கு மாம்பலத்தில் ஏறினோம். பேருந்து லேக் வியூ ரோட்டைக் கடந்தபோது ஒரு பையன் பலகையைப் படித்துவிட்டு, "லேக் எங்க மிஸ்?" என்றான். தங்கள் வழிகாட்டி தயங்கவே இல்லை. "இப்ப இல்லப்பா. அதனாலதான் நாம தண்ணிய வேஸ்ட் பண்ணக் கூடாது" என்றார். என்ன தர்க்கம்! மாம்பலம் ஏரியை மூடி 1920-களில் தியாகராய நகரை எழுப்பினார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது என்றும் தப்பாக நம்பியிருந்தேன். குழாயை மூடாமல் பல் துலக்கியவர்களின் வேலை அது என்று இப்போதுதான் தெரிகிறது. தேர்வில் அந்தக் கேள்வியும் வந்திருக்கலாம்: ஏரியைத் தொலைத்தது யார்? (அ) ஷவரில் குளித்தவர்கள் (ஆ) கார் கழுவியவர்கள் (இ) நீ. நான் (ஈ) எழுதியிருப்பேன். பின்வரிசைக்கும் பின்னால் இடம் இருந்தால் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன்.

செம்பரம்பாக்கத்தின் கரையில் காற்று அருமை. ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று வழிகாட்டி சொல்ல, பிள்ளைகள் ஆவென்று கேட்டார்கள். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு இதே ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்து விட்டதை மட்டும் அவர் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள், பயந்துவிடும். அன்றிரவு வெள்ளத்துக்குப் பயந்து அடையாற்றங்கரையில் மொட்டை மாடிக்கு ஏறியவர்களில் எத்தனை பேர் மக்கில் பிடித்துக் குளிக்கிறவர்கள் என்ற கணக்கும் தங்களிடம் இருக்கும். அதையும் சொல்லவில்லை. நேரம் போதாமல் போயிருக்கும்.

அதற்குப் பிறகு மூன்றரை வருடம். 2019 ஜூனில் இதே ஏரி வறண்டு விரிசல் விட்டுக் கிடந்தது. பூண்டி, சோழவரம், புழல் எல்லாவற்றுக்கும் அதே கதி. சில ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். கம்பெனிக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது: 50 வேகன், 25 லட்சம் லிட்டர். முதல் ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்றோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. வந்த மழையை வைத்துக்கொள்ள வக்கில்லை. ஏரிக்குள் மனை போட்டு அதற்கு ஏரித் திட்டம் என்றே பெயரும் வைத்தாயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்பில் ஊர்க் குப்பையைக் கொட்டிவிட்டு, 2022-இல் அதே சதுப்புக்கு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்ததும் படம் எடுத்து மாட்டிக்கொண்டோம். இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டவன் எவனையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று, எட்டு வயதுக் குழந்தையைப் பிடித்து நிறுத்திக் குழாயை மூடினாயா என்று கேட்கிறீர்களே, கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

மன்னிக்க வேண்டும். வெயில் தலைக்கேறிவிட்டது. தாங்கள் கொடுத்த அரை லிட்டர் பாட்டில் தண்ணீரைக் குடித்துத் தெளிந்துகொண்டேன். இன்னொரு பாட்டிலை, சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தின் கழிப்பறைக்குள் எடுத்துப் போக வேண்டியிருந்தது. அங்கே குழாயில் தண்ணீர் வராததும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதிதான் என்பது பிறகுதான் உறைத்தது. செயல்முறைக் கல்வி என்றால் இதுவல்லவா!

மழைநீர்ச் சேகரிப்புப் பாடத்தில் மட்டும் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியது உருப்படியான காரியம். குழி தோண்டி ஒழுங்காகப் பராமரித்த வீடுகளில் கிணறு ஊறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது மாடியில் விழும் மழைக்கு. தெருவில் விழும் மழை வடிகாலில் இறங்கி, கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகிறது. போன பிறகு நெம்மேலியில் அந்தக் கடலை உறிஞ்சி, மின்சாரம் செலவழித்து, உப்பை நீக்கி, ஊருக்குத் திருப்பி அனுப்புகிறோம். 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்று தொடங்கினார்கள். 2024-இல் அங்கேயே இன்னொரு ஆலை, 15 கோடி லிட்டர். வானம் இலவசமாகக் கொடுத்ததைக் கடலில் கலந்துவிட்டுக் காசு கொடுத்துப் பிரித்தெடுக்கும் இந்தச் சிக்கனத்தைப் பற்றி வினாத்தாளில் ஒரு வரி இல்லை. நான்தான் (ஈ) எழுதிச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் பென்சிலை வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியாக ஒருவர் சொன்னது என் நெஞ்சைத் தொட்டது. நகரவாசி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவு, அதற்குள் வாழப் பழகுங்கள் என்றார். அகமகிழ்ந்து ஏற்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு பேர், ஆக 540 லிட்டர். எந்தக் கிழமையிலிருந்து வரும்? நகர எல்லை 2011-இல் விரிந்தபோது பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து எங்கள் தெருவும் நகரமாகிவிட்டது. குழாய் மட்டும் இன்னும் ஊராட்சியிலேயே இருக்கிறது. தாங்கள் 135 என்று முடிவு செய்தால் அதற்கு மேல் அரை லிட்டர் கூடப் பயன்படுத்த மாட்டோம். இது சத்தியம். தேவைப்பட்டால் உறுதிமொழிப் படிவத்திலும் கையெழுத்துப் போடுகிறேன், கட்டத்துக்கு உள்ளேயே.

தங்கள் அன்புக்குக் கைம்மாறு செய்ய எங்கள் குடியிருப்போர் சங்கம் தங்களுக்காக ஒரு நாள் சுற்றுலா ஏற்பாடு செய்திருக்கிறது. குளிர்சாதனப் பேருந்து வேண்டாம், எல்லாம் நடை தூரம்தான். முதலில் சம்ப். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் தரை தெரியும். அடுத்து செகரட்டரி வால்வைத் திருகும் நிகழ்ச்சி. படமெடுக்கலாம், பேச்சுக் கொடுக்கக் கூடாது, கோபக்காரர். பிறகு மூன்றாம் மாடி வீடுகளில் குடங்கள் வரிசை வைத்திருக்கும் முறை. தலைமை நிகழ்ச்சி 12,000 லிட்டர் லாரியின் வருகை. எந்த ஊர் வயல் கிணற்றில் நிரப்பியது என்று தாங்களே டிரைவரிடம் கேட்டுப் பார்க்கலாம். எங்களிடம் சொன்னதில்லை. அந்தக் கிணற்றுக்காரர் அடுத்த போகத்துக்கு என்ன செய்வார் என்பதும் எங்களுக்குத் தெரியாது, நாங்களும் கேட்டதில்லை.

வினாத்தாள் உண்டு. எல்லாக் கேள்விக்கும் விடை (ஈ)தான், ஆகவே தாங்கள் அனைவரும் தேறிவிடுவீர்கள். மதியம் சாம்பார் சாதம். கை கழுவத் தண்ணீர் தயவுசெய்து வீட்டிலிருந்து கொண்டுவரவும்.

எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்பீர்கள். அதை மட்டும் இப்போது சொல்ல முடியாது. லாரிக்காரர் போனை எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பின்வரிசைப் பயணி