விதைக்கடை வானொலி

கேள்வி: சிற்றூர் வானொலி என்பதே விளம்பரக் கடைதானே?

பதில்: கடையில்தான் முளைத்தது; அதனாலேயே ஊருக்கு உதவியது. அமெரிக்காவின் அயோவா மாநிலச் சிற்றூரான ஷெனன்டோவாவில் விதை வியாபாரி ஹென்றி ஃபீல்ட் 1924-இல் கே.எஃப்.என்.எஃப். நிலையத்தைத் தொடங்கினார். மறுவருடமே போட்டிக் கடைக்காரர் எர்ல் மே, கே.எம்.ஏ.வைத் தொடங்கினார். விதை விற்க வேண்டுமானால் உழவர் குடும்பம் தினமும் கேட்டாக வேண்டும். ஆகவே பாட்டு, பண்ணைச் செய்தி, சமையல் குறிப்பு எல்லாம் வந்தன. அப்படிச் சமையல் குறிப்பு சொல்லிவந்த ஃபீல்டின் தங்கை லியன்னா டிரிஃப்ட்மையர், 1930-இல் கார் விபத்தில் நடக்க முடியாமல் போனபின், வீட்டிலேயே மைக் வைத்துப் பேசினார். வியாபாரிக்குப் பொய் சொல்வது சுலபமாயிற்றே என்பீர்கள். சிற்றூரில் அது கடினம்: மைக்கில் புகழ்ந்த விதை வயலில் முளைக்காவிட்டால், புகழ்ந்தவர் கடை எந்தத் தெருவில் என்று எல்லோருக்கும் தெரியும்.